குவார்ட்டர்ஸில் ஒரு கிளாத்தி

மீன்தொட்டியைத் தவிர வீட்டில் எல்லாம் போய்விட்டது.

சிவப்பிரகாசம் ஆறாவது முறையாக வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்துக் குடிவருகிற புது ஆள் சாவி வாங்க இன்னும் வரவில்லை. வந்துவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. இப்படி இழுத்தடிக்கிறானே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஆறடித் தொட்டிக்குள் கிளாத்தியும் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், உடம்பெங்கும் நீலக் கிறுக்கல். கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கியபோது உள்ளங்கைக்குள் அடங்கிய மீன். கடலூரில் குழம்பு வைக்கிற மீனுக்கு இந்த மனுஷன் கேன் கேனாகக் கடல் தண்ணீர் சுமக்கிறாரே என்று பிளாக்கே சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் கையால் நீட்டினால்தான் அது இறால் தின்னும்.

தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் ஒரு மணி நேரம் நின்றால் போதும், மல்லாந்துவிடும்.

ரிடையர் ஆகிறவர் இதை முன்பே யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. குவார்ட்டர்ஸில் கரண்ட் போய் அவர் பார்த்ததில்லை. இனிப் போகப்போகிற மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் பால் காய்ச்சிய அன்று ஃபேன் நின்றதும், "எவடி சுவிட்ச ஆஃப் பண்ணது?" என்று மனைவி கமலாவைத்தான் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாத 2012 அது.

இன்வர்ட்டர் வர இரண்டு வாரம் ஆகும் என்று கடைக்காரன் கைவிரித்துவிட்டான். அதுவரை தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்று புது ஆளிடம் கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவனிடம், அதுவும் ஒரு மீனுக்காக. நினைக்கவே கூச்சமாக இருந்தது.

பைக் வந்து நின்றது.

வந்தவனுக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். கலியமூர்த்தி என்று பெயர் சொன்னான். இனி அவனுடைய வீடுதான். ஆனாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தயங்கித்தான் உள்ளே வந்தான். புது முகத்தைக் கண்டதும் கிளாத்தி வெளுத்துப்போய், மூலைக்கு ஓடிக் குழாயை வாயால் கவ்விக்கொண்டது.

காலையிலிருந்து ஒத்திகை பார்த்ததெல்லாம் சிவப்பிரகாசத்துக்கு மறந்துபோனது. இன்வர்ட்டர், இரண்டு வாரம், தினமும் காலை மாலை தானே வந்து இரை போட்டுவிட்டுப் போவது, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினார்.

கலியமூர்த்தி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கட்டும் சார், அதுபாட்டுக்கு இருக்கட்டும். மைன்ஸுக்கு எங்க வூட்ட எடுத்தப்ப, பசு மாட்ட எங்க கட்றதுன்னு தெரியாம எங்கப்பா மூணு நாளு கயித்தப் புடிச்சிக்கினு ரோட்டுலயே நின்னாருங்க. மேலத்தெருவுல கடைசி வூடு சார், வாசல்ல பெரிய பலா மரம் நிக்கும். அந்த நெலத்துக்குப் பதிலாத்தான் எனக்கு இந்த வேலையே."

ஊர்ப் பெயரையும் சொன்னான்.

அந்த மரம் சிவப்பிரகாசத்துக்கு ஞாபகம் இருந்தது. நாலாவது முட்டுக்குத்தான் சாய்ந்தது. பிஞ்சும் காயுமாகத் தெருவெல்லாம் உருண்டது. மாட்டோடு ஒருவர் நின்றதும் ஞாபகம் இருந்தது. ஓரமாகப் போகச் சொல்லி அவரைப் பார்த்து இவரே ஹாரன் அடித்திருக்கிறார்.

தினம் இரண்டு தடவை அலைய வேண்டாம், இறாலை எப்படி நீட்டுவது என்று சொல்லிக்கொடுத்தால் போதும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான் கலியமூர்த்தி. பிறகு, பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டான்.

"சார் எந்த செக்‌ஷன்ல இருந்தீங்க?"

முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டிய சிவப்பிரகாசம், "ஸ்டோர்ஸ்ல" என்றார்.