ஏழு வருடப் பூச்சியம்

அன்று புதன்கிழமையாகப் போனதுதான் என் கெட்ட காலம்.

பீங்கான் நிறையச் சோறு. மேலே தேங்காய்ப்பாலில் ஆக்கிய இறால் கறி. அன்னப்பூரணி அக்கா அகப்பையோடு பக்கத்தில் நின்றார்.

பனிச்சங்கேணியில், வாவியை ஒட்டி, எங்கள் கம்பனிக்கு ஓர் ஊழியர் விடுதி இருக்கிறது. இருபத்துநாலு கட்டில். அதைப் பார்த்துக்கொள்பவர் அக்கா. வருடத்துக்கு ஒரு தடவை ஏறாவூரிலிருந்து கட்டிடம் பார்க்கப் போகிறவன் நான்.

ஒவ்வொரு தடவையும் எனக்கென்று சமைப்பார். நான் முஸ்லிம், ஹலால் பார்ப்பேன் என்பதால் இறைச்சிப் பக்கமே போகமாட்டார். அவருடைய கணவர் நல்லரத்தினம் விடுதிக்குப் பின்னால் வலை வீசி இறால் கொண்டுவருவார்.

ஏழு வருடத்தில் நான் ஒரு பருக்கைகூடத் தொட்டதில்லை. நோன்பு என்று சொல்லிவிடுவேன்.

திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிற ஆட்கள் எங்களில் இருப்பது அக்காவுக்குத் தெரியும். அதனால் பார்த்துப் பார்த்து அந்த இரண்டு நாளில்தான் போவேன். சாலிஹ் சேர் பெரிய நோன்பாளி என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் றமழானுக்கு வெளியே நான் ஒரு நோன்பும் பிடித்தவனல்ல. திரும்பி வரும்போது ஓட்டமாவடியில் இறங்கி வயிறு முட்டக் கொத்துரொட்டி சாப்பிடுவேன்.

புதன்கிழமையைத் தெரிவு செய்தது கம்பனியின் கொழும்புத் தலைமைக் கந்தோர்.

தீவு முழுக்க எங்களுக்கு நூற்றுப்பன்னிரண்டு கட்டிடங்கள். சதுர அடிக்கு என்ன செலவு, அதேமாதிரி இன்னொரு கட்டிடத்துக்கு என்ன செலவு என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வரும் ஐந்து வருடத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லுகிற மென்பொருள் ஒன்றை இந்த வருடம் வாங்கினார்கள். கரண்ட், பெயின்ற், கூரை எல்லாவற்றிலும் பனிச்சங்கேணி மற்ற விடுதிகளைப் போலத்தான் இருந்தது. ஒரு வரியை மட்டும் மென்பொருள் பச்சை அடித்துக் காட்டியது.

மலசலகூடக் குழியை உறிஞ்ச வரும் பவுசர் வண்டி: ஏழு வருடமாகப் பூச்சியம்.

இதே அளவு விடுதி ஒன்றுக்குப் பவுசர் வருடத்தில் நாலு தரம் வருகிறது. கொழும்பில் இருக்கும் எங்கள் பெரிய முகாமையாளருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதையே எல்லாக் கட்டிடத்துக்கும் அளவாக வைத்து வரும் வருடச் செலவைக் குறைக்கலாம் என்றார். நேரில் போய்ப் பார்த்து, புதன் இரண்டு மணிக்குள் காரணத்தை மென்பொருளில் எழுதி அனுப்பச் சொன்னார்.

ஃபோன் பீங்கானுக்குப் பக்கத்தில் கிடந்தது. 'காரணம்' என்ற கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.

எதிரே பாயில் அக்காவின் மகள் அஜந்தா இறாலின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. மெலிந்துபோயிருந்தாள். போன மாதம் வயிற்றோட்டத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். கொதித்தாறிய தண்ணீர்தான் கொடுக்கிறோம், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை என்று, நான் வந்ததும் வராததுமாக அக்கா சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே அவர் தந்த தேத்தண்ணீரைக் குடித்தேன்.

அந்தத் தேத்தண்ணீர்தான் என்னை மாட்டிவிட்டது. இனி நோன்பு என்று சொல்ல வழியில்லை. வயிறு சரியில்லை என்று முணுமுணுத்தேன்.

அக்காவின் முகம் வாடிற்று.

"தேத்தண்ணி குடிச்சீங்களே சேர். எங்கட கைச் சமையல்தான் ஏலாதோ?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏழு வருடமாக இந்த மனுசி இப்படித்தான் நினைத்திருப்பாரோ என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. அப்படியில்லை அக்கா என்று சொல்லி ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். அதில் இறாலும் இருந்தது. விழுங்கினேன்.

அவர் முகத்துக்கு உயிர் வந்தது. கேட்காமலே இன்னும் இரண்டு அகப்பை போட்டார்.

"நல்லாச் சாப்பிடுங்க சேர். வேற இடத்தில இறால் இப்பிடிப் படுறல்ல. நீங்க போட்டுத் தந்த மழத்தண்ணிக் குழாயடியிலதான் இவர் வலை வீசுற. அதடியிலதான் இறால் கூட. இவளும் அதுக்குள்ளதான் நிண்டு குளிக்கிற."

மழைத்தண்ணீர்க் குழாய் என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான்தான்.

வாவிக்கரையில் மழைத்தண்ணீர் தானாக ஓடிவிடும். அதற்குக் குழாய் தேவையே இல்லை. தேவைப்பட்டது மலசலகூடக் குழிக்குத்தான். மாரியில் நிலத்தடித் தண்ணீர் ஊறி அடிக்கடி நிரம்பும். பவுசர் செலவு கூடிப்போயிற்று என்று கந்தோரில் நல்ல ஏச்சு வாங்கினேன். ஏழு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், இரண்டு பேரை வைத்துத் தோண்டி, குழியிலிருந்து வாவிக்கு நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்தேன். இது என்ன சேர் என்று அக்கா கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்று ஐம்பது ஆயிற்று. வலது கையெல்லாம் கறி. இடது கையால் 'நல்ல பராமரிப்பு' என்று கட்டத்தில் எழுதினேன். யாருடைய பராமரிப்பு என்று மென்பொருள் கேட்டது. அன்னப்பூரணி என்று எழுதினேன்.

அடுத்த கேள்வி வந்தது. மற்றக் கட்டிடங்களிலும் இதே முறையைச் செய்யலாமா? 'இல்லை' என்றால் ஏன் என்று விளக்க வேண்டும். 'ஆம்' என்றால் எதுவும் எழுதத் தேவையில்லை.

'ஆம்' என்பதை அழுத்தினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பிறந்து முதல்தடவையாக அந்த நோன்பை உண்மையாகவே பிடித்தேன். மத்தியானம் நன்றாகப் பசித்தது. அந்நேரம் பனிச்சங்கேணியில் அஜந்தா சாப்பிட உட்கார்ந்திருப்பாள்.