கழுத்துப் பிடி

"தாடையை இறக்குங்க டிரைவரம்மா. கழுத்தை இப்படித் திறந்து வச்சிருந்தா சின்னப் பிள்ளைகூட பிடிச்சிடும்."

பயிற்சியாளர் சலித்துக்கொண்டாள். டயர் கடைக்கு மேலே இருந்த அந்தக் கூடத்தில் பெண்கள் ஜூடோ பழகினார்கள். அங்கே எல்லோருக்கும் வேலைதான் பெயர். மருந்து கம்பெனி வேன் ஓட்டியவள் டிரைவரம்மா. ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைப்பவள் லாண்ட்ரி அக்கா.

லாண்ட்ரி அக்கா ஜூடோ பழக வரவில்லை. அந்தக் கழுத்துக்காக வந்தாள்.

சைக்கிளில் போன அவள் தம்பியை அந்த வேன்தான் அடித்துப்போட்டது. சாட்சி இல்லை, விபத்து என்று வழக்கு முடிந்துபோனது. அப்போது லாண்ட்ரி அக்கா வெளியூரில் வேலையில் இருந்தாள். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. தன்னை டிரைவரம்மாவுக்கு அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்த வகுப்பில் சேர்ந்தாள். அதிர்ஷ்டம் பாருங்கள், ஜோடி பிரிக்கும்போதெல்லாம் டிரைவரம்மாவே அவள் பக்கம் வந்து நின்றுவிடுவாள்.

தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. வகுப்பு முடிந்ததும் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். மூச்சு நிதானமாகும். நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தது கொஞ்சம் தணியும். அதுதான் அவளுக்குப் பயம். இந்தக் கோபமும் போய்விட்டால் தம்பி இன்னொரு தரம் செத்துப்போவான்.

இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அன்று முடிவுசெய்தாள்.

மற்றவர்கள் உடை மாற்றப் போயிருந்தார்கள். பயிற்சியாளர் ஜன்னலோரம் திரும்பி நின்று போனில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு பிடி பார்க்கலாமாக்கா?" என்று டிரைவரம்மாதான் கேட்டாள்.

கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

லாண்ட்ரி அக்கா பின்னாலிருந்து கையைக் கழுத்தில் சுற்றினாள். ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை. இருவரும் விரிப்பில் சாய்ந்தார்கள். பிடிபட்டவர் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்தக் கூடத்தின் ஒரே சட்டம் அது. இன்று தட்டட்டும், விடப்போவதில்லை. பயிற்சியில் விபத்து என்று எழுதிக்கொள்வார்கள். இவள் தப்பித்த அதே வார்த்தை.

இறுக்கினாள். தம்பியின் முகத்தை நினைத்து இன்னும் இறுக்கினாள். கைக்குள் இருந்த உடம்பு தளர்ந்தது.

தட், தட்.

விரிப்பில் சத்தம் கேட்டது. அவள் யோசிக்கும் முன்பே கைகள் விலகிவிட்டன. பழகிய கைகள். அவள் பேச்சைக் கேட்கவில்லை.

பழி தீராமல் போனதற்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது பெருமூச்சு. தூக்க முடியாத மூட்டையை யாரோ தோளிலிருந்து இறக்கிவைத்ததுபோல் இருந்தது. டிரைவரம்மாவை மல்லாக்கப் புரட்டிக் காலைத் தூக்கிப் பிடித்தாள். மூச்சு திரும்பட்டும் என்று வேண்டிக்கொள்வது தானேதான் என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

டிரைவரம்மா இருமியபடி கண் திறந்தாள்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்றாள் லாண்ட்ரி அக்கா. "நீங்க தட்டினதும் விட்டுட்டேன்."

"நான் எங்கேக்கா தட்டினேன்? நினைவு தப்பும்போது கை துடிச்சிருக்கும்." டிரைவரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "ரோட்டுல கிடந்து உங்க தம்பி என்னைப் பார்த்தானே, அதே கண்ணு உங்களுக்கு. நீங்க வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. தானா சாக எனக்குத் தைரியம் இல்ல, நீங்களாவது முடிச்சு விடுவீங்கன்னுதான் தினமும் உங்க பக்கத்துல வந்து நின்னேன்."