முதுகில் விழும் பூனை

மதிய வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துகிறாள். கோடுகளால் ஆன பூனை மல்லாந்தபடி விழத் தொடங்குகிறது. நிஜப் பூனை இடுப்பை வளைத்து, முன்கால்களை மடக்கி, முன்பாதியைச் சட்டென்று திருப்பும். நீட்டிய பின்கால்கள் பின்பாதியை எதிர்ப்பக்கம் அதிகம் திரும்ப விடாது. அடுத்த நொடியில் கால்கள் வேலையை மாற்றிக்கொள்ள, பின்பாதியும் திரும்பிவிடும். யாரும் சுற்றிவிட வேண்டியதில்லை, அதுதான் அதிசயம். அவள் செய்த பூனை இரண்டு வருடமாக முதுகில்தான் விழுகிறது, ஏனென்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்று அது திரும்பி நான்கு கால்களில் நிற்கிறது. அவள் கை வாயைப் பொத்துகிறது. பழக்கத்தில் கண் திரையின் ஓரத்துக்குப் போகிறது. தொடக்கச் சுழற்சி என்ற இடத்தில் அவள் இட்டிருந்த பூஜ்யம் இல்லை.

"நீ தொட்டியா?"

"லேசா ஒரு சுத்து விட்டேன்க்கா," என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. "இன்னிக்கு வர்ற பணம் குடுக்கறவங்க பூனை நிக்குதான்னுதான் பார்ப்பாங்க. நிக்கலேன்னா ஆராய்ச்சியையே இழுத்து மூடிடுவாங்க."

"சுத்திவிட்டா பூசணிக்காகூடத் திரும்பும்டி."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் அந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் இட்டு, மறுபடி பொத்தானை அழுத்துகிறாள். கதவு தட்டப்படும்போது பூனை கால்களை மேலே நீட்டியபடி தரையில் கிடக்கிறது. அதை மறைக்காமல், "உள்ள வாங்க," என்கிறாள்.