தலைமாட்டுப் பிரதி

மேடையில் விமர்சகர் நல்லபெருமாள். முதல் வரிசையில் எழுத்தாளர் தணிகாசலத்தின் மனைவி செண்பகவல்லியும் அச்சகக்காரரும். கடைசி வரிசையில், மின்விசிறிக்கு அடியில், முன்பின் தெரியாத ஒருவர். சொந்தக் காசில் அச்சிட்ட இரண்டாம் நாவலின் வெளியீட்டுக்கு வந்தது இவ்வளவு பேர்தான் என்று தணிகாசலம் மனதில் குறித்துக்கொண்டார்.

"இவரோட முதல் நாவல் இன்னும் என் தலைமாட்டுலதான் இருக்கு" என்றார் நல்லபெருமாள்.

கூட்டம் முடிந்ததும் கடைசி வரிசைக்காரர் அந்த முதல் நாவலை நீட்டினார். உள்ளே, 'அன்புள்ள நல்லபெருமாளுக்கு' என்று தணிகாசலத்தின் கையெழுத்து.

"பழைய புத்தகக் கடையில கெடச்சுது சார். மூணு தடவ படிச்சுட்டேன். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. சனிக்கிழமையானா அங்கதான் நிப்பேன்."

மறுநாள் தணிகாசலம் நல்லபெருமாளுக்கு எழுதினார்: 'இரண்டாவதையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் அதே கடையில் போட்டுவிடவும்.' கடிதத்தை நாவலுக்குள் வைத்து, உறையிலிட்டு ஒட்டி, தபாலில் சேர்த்தார்.