வெள்ளைத் தொப்பிகள்

குடியேற்றக் கால அமெரிக்காவில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டும் கிராமம் அது. வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கிவைத்துக்கொண்டு, சிறுமிகளுக்கு வெள்ளைத் தொப்பியும் சாம்பல் நிறப் பாவாடையும் மாட்டிவிட்டார்கள்.

"என் பொண்ணு ஆதிரையைக் காணோம்! ஆத்துப் பக்கம் கதவு திறந்து கிடக்கு. உடனே போன் பண்ணுங்க!" வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த வேடக்காரியிடம் வசுமதி கெஞ்சினாள்.

"போனா? அப்படின்னா என்னம்மா? சேதி கொண்டுபோற குதிரைக்காரர் வியாழக்கிழமைதான் வருவார்."

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

வசுமதி ஓடிப்போய்த் தேவாலய மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். மணியோடு சேர்ந்து அவளும் அலறினாள்.

வேடக்காரியின் முகம் வெளிறியது. இடுப்பு மடிப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"குழந்தை என்ன டிரெஸ் போட்டிருந்தா?"

வசுமதி திரும்பினாள். முற்றம் நிறைய வெள்ளைத் தொப்பிகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.