இறந்தவர் நேரில் ஆஜர்

"இந்தக் கையால ஒரு கொசுவைக்கூட அடிச்சதில்லீங்க சாமி! ஜெயில்ல கொசு கடிச்சா, பாவம் பசியா இருக்கும்னு இன்னொரு கையையும் நீட்டுவேனுங்க!"

ஆயுள் கைதி குழந்தைசாமி சொல்லச் சொல்ல, குமாஸ்தா கண்ணைத் துடைத்தபடி எழுதினார். வெள்ளைக்காரர் காலம். ஒன்பது பெட்டி விதிப்புத்தகங்களோடு டோலியில் ஏறி, கொல்லிமலைச் செம்மேட்டில் வந்து இறங்கியிருந்தது, கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் குழு.

"அப்ப அந்தக் கொலை?" என்றார் தலைவர்.

"சின்னக்கண்ணு பலாமரத்துல இருந்து அவன் அருவா மேலயே விழுந்து செத்தானுங்க. நான் தொடக்கூட இல்லீங்க."

ஏழு வருஷமாக இதே பாட்டு.

ஜெயிலர், 'தங்கமானவன்' என்றார். டாக்டரும் அதையே சொன்னார். ஜெயில் சமையல்காரர், 'என் களியைக் குறை சொல்லாத ஒரே மனுஷன்' என்று விம்மினார்.

"ஏனுங்க, நான் பேசலாமுங்களா?" சின்னக்கண்ணுவின் மனைவி அத்தாயி எழுந்தாள். "எங்க காட்டை ஒட்டித்தான் இவன் ஊடு. மூணு புள்ளைங்களை வச்சிருக்கேன். இவனை விட்டுராதீங்க."

குமாஸ்தா நாலாவது பெட்டியைக் கிளறினார். "எதிர்த்துப் பேசறதுன்னா பாதிக்கப்பட்டவர் மட்டும்தாம்மா பேசலாம். அதுவும் நேர்ல வரணும்."

"அவருதான் செத்துட்டாருங்களே!"

"வரலைன்னா, ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்குவோம்."

அத்தாயி சடாரென்று கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கினாள். செத்தவர் சொந்தக்காரர் மேல் இறங்கிப் பேசுவது மலையில் வழக்கம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒன்பது பெட்டியைக் கவிழ்த்துத் தேடியும், ஆவி பேசக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. குமாஸ்தா 'இறந்தவர் நேரில் ஆஜர்' என்று எழுதினார்.

"யாருப்பா உன்னைக் கொன்னது?" என்றார் தலைவர்.

"கொன்னதா? இவனா?" அத்தாயி ஆண்குரலில் சிரித்தாள். "அருவாளைக் கண்டாலே நடுங்குற பய! நானே விழுந்தேன். இவன் புதருக்குள்ள உக்காந்து ஒப்பாரி வச்சான். பாவம், விட்டுருங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழந்தைசாமியின் மீசை துடித்தது. தலைவர் விடுதலைத் தாளில் பேனாவை வைத்தார்.

"பொய்யிங்க!" குழந்தைசாமி துள்ளி எழுந்தான். "நானா அழுதேன்? ஒரே வெட்டு! அவன்தான் என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதான்!"

பேனா நின்றது. தலைவர் அத்தாயி பக்கம் திரும்பினார்.

"அம்மா... ஆவி போயிருச்சா?"

அத்தாயி நிதானமாகக் கொண்டையை முடிந்தாள்.

"வந்திருந்தாத்தானுங்க போறதுக்கு!"