பூசணி விதைக் கல்

முறத்தில் பருப்பு ஓடுகிற சத்தம் நின்றது.

கல்லாவில் நின்ற கடைக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. கையில் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில். காலி பாட்டிலை முதலில் எடை போட வேண்டும். தராசில் வைத்தாள்.

சத்தம் இன்னும் தொடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கடையின் பின்பக்கம் பாய் விரித்து இரண்டு பேர் பருப்புப் பொறுக்குகிறார்கள். தையல்காரி நூர்ஜஹான். மில்லில் இருபத்தாறு வருஷம் நூல் பார்த்த தெய்வானை. கூலி கிடையாது. கேட்டதும் இல்லை. கடை தொடங்கியபோது இப்படிப் பதினொரு பேர் வந்தார்கள்.

நின்றது தெய்வானையின் முறம்.

"என்னங்கக்கா, தூங்கிட்டீங்களா?" என்றாள் நூர்ஜஹான்.

"இல்ல கண்ணு. ஒரு கல்லு."

"கல்லப் பொறுக்கத்தானுங்க வந்தோம். அதுக்கு எதுக்கு இத்தன யோசன."



தராசில் எண் தெரிந்தது. அவள் படித்தாள். மறந்துபோனாள். மறுபடி படித்தாள்.

சுவரில் அவளே எழுதி மாட்டிய பலகை. இங்கு எதுவும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருவதில்லை. பாத்திரம் கொண்டுவாருங்கள்.

தை மாதம் பெய்த மழையில் துவரை போயிற்று. மூட்டை அனுப்புகிற உடுமலைக்காரர் போனிலேயே அழுதார். இந்த வருஷம் இல்லை தாயி, என்றார்.

போன வருஷமும் ஒரு மாதம் பருப்பில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். பருப்புக்காக வேறு கடைக்குப் போனவர்கள் அரிசியையும் எண்ணெயையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பாதிப் பேர் திரும்பவில்லை. இன்னொரு மாதம் அப்படி என்றால் கடையை மூட வேண்டியதுதான்.

அதனால் ஐந்து வாரமாக, வியாழன் மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் பாக்கெட் வெட்டுகிறாள்.

ஊரின் அந்தக் கோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் வாங்கிய பருப்புப் பாக்கெட்டுகள். உடுமலையிலிருந்து வந்த பழைய சாக்கில் கொட்டுவாள்.

பருப்பு சுத்தமாக இருந்தது.

அதுதான் சிக்கல். ஒரு கல் இல்லை, ஒரு தோல் இல்லை. அப்படியே முறத்தில் விழுந்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் வேலையே இருக்காது. உடனே தெரிந்துபோகும்.

பழைய பருப்பில் பொறுக்கிய கல்லும் தோலும் கொட்டாங்கச்சியில் கிடந்தன.

எடுத்துச் சாக்கில் போட்டுக் கலக்கினாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் பொறுக்கினார்கள். அடுத்த வியாழக்கிழமை அதே கல்லை அவள் மறுபடி கலந்தாள்.

போன வாரம் தெய்வானை ஒரு கல்லை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். செம்மண் நிறம். நடுவில் வெள்ளைக் கோடு.

"பூசணி வெத மாதிரியே இருக்குது பாரு அம்மிணி."

பார்த்தாள். கூடவே சிரிக்கவும் செய்தாள்.

அதை ஒன்றையாவது தூர எறிந்திருக்கலாம்.

எதையும் எறிந்து பழக்கமில்லை. வெட்டிய உறைகளைக்கூட எறியவில்லை. கழுவி, காயவைத்து, மடித்து, பரணில் ஒரு மூட்டை.

"உங்க பருப்புதாங்க பருப்பு," என்றார் ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தவர். "பாக்கெட்ல வர்றது வேகவே மாட்டேங்குது."

அள்ளிப் போட்டாள். கொஞ்சம் வெளியே சிந்தியது.

பின்னால் முறம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரே சீராக, எப்போதும் போல. மில்லில் இருந்தபோது தெய்வானை கண்ணை மூடிக்கொண்டே நூலில் முடிச்சு எங்கே என்று சொல்வாராம். அந்த விரல்கள்.

பதினொரு மணிக்கு நூர்ஜஹான் கிளம்பினாள். மகள் வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

தெய்வானை முறத்தைத் தட்டி ஆணியில் மாட்டினார். பாயைச் சுருட்டினார். பின்பக்கக் குழாயில் எதையோ கழுவினார். நேரம் எடுத்துக்கொண்டு கழுவினார்.

பிறகு தூக்குப் போசியோடு வந்து நின்றார். ஒவ்வொரு வாரமும் அதில் அரைக் கிலோ பருப்பு வாங்கிக்கொண்டுதான் போவார்.

அவள் போசிக்குக் கை நீட்டினாள்.

தெய்வானை கொடுக்கவில்லை.

"ஊட்டுல பருப்பு இருக்குது அம்மிணி."

அவள் கை நீட்டியபடியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தராசுத் தட்டைத் துடைத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கெழம..." என்றாள். 

தெய்வானை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே சொன்னார்.

"வர்றேன். பொறுக்கறதுக்கு ஒன்னும் இல்லீனாலும் வர்றேன்."

படியிறங்கினார். ஒவ்வொரு படிக்கும் போசிக்குள் ஏதோ கலகலத்தது. பருப்பின் சத்தம் இல்லை.

அவள் பின்பக்கம் போனாள்.

கொட்டாங்கச்சி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். உள்ளே ஈரம் மட்டும்.

ஒரு கல் இல்லை.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு அம்மா, கையில் காலி எவர்சில்வர் டப்பா.

"பருப்பு இருக்குதுங்களா?"

டப்பாவை வாங்கித் தராசில் வைத்தாள்.

எண் ஆடியது. நின்றது.

அந்த அம்மா பலகையைப் படித்துக்கொண்டு காத்திருந்தார்.